கமிட் எண்ணிக்கையை வைத்துத் தரவரிசை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிட்காயின் போன்ற பிளாக்செயின் வலையமைப்புகளில் நிரலாளர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குகிறார்கள் என்று ஒப்பிடும் பட்டியல்கள் பல, கிட்ஹப் தளத்தில் பதியப்படும் நிரல் மாற்றங்களான கமிட்டுகளைக் கூட்டியே வரிசை போடுகின்றன. இது வாசகரை ஏமாற்றும் கணக்கு. 2011இல் பிட்காயின் நிரலிலிருந்து கிளைத்த லைட்காயின், பிட்காயினின் பழைய கமிட் வரலாற்றையும் சுமக்கிறது. அதைக் கழிக்காவிட்டால் ஒரே உழைப்பு இரண்டு பெயரில் ஏறும். ஒரு குழு பத்துக் கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி இணைக்கும், இன்னொன்று பத்தையும் அப்படியே விடும். வேலை ஒன்றுதான், எண் பத்து மடங்கு. நிரல் நூலகங்களைத் தானாகப் புதுப்பிக்கும் பாட் (தானியங்கி) கணக்குகளின் கமிட்டுகள் வேறு!

முதலில் கிளைப்பிரதிகளையும் பாட்களையும் நிரல் கிளைகளை ஒன்றுசேர்க்க மட்டும் பதியும் இணைப்புக் கமிட்டுகளையும் நீக்க வேண்டும். ஒரே ஆளின் பல மின்னஞ்சல்களை ஒன்றாக்க வேண்டும். பிறகு, ஒருவர் மாதத்தில் எத்தனை நாள் நிரல் பதிந்தார் என்று பார்ப்பதே நியாயம். எலக்ட்ரிக் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் அறிக்கை, மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ பதிபவரை முழுநேர நிரலாளர் என்கிறது. வெளியார் பார்க்க முடியாத மூடிய நிரல் களஞ்சியங்களில் நடக்கும் வேலை இதிலும் தெரியாது.

உண்மையான சிக்கல், பிளாக்செயினில் தானாக இயங்கும் ஒப்பந்த நிரல்களை எழுதப் பயன்படும் சாலிடிட்டி மொழியில்தான். ஒரே ஒப்பந்தம் எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம் ஆகிய மூன்று வலையமைப்புகளிலும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடும். அதை எழுதியவரை எந்த வலையமைப்பின் கணக்கில் வைத்தார்கள் என்று சொல்லாத தரவரிசையை நாளிதழ்கள் வெளியிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்