மும்தாஜுக்கு: அரை டின் அரிசி

அன்புள்ள மும்தாஜு,

நல்லா இருக்கியாடி? உன் வாய்ஸ் மெசேஜு பதினோரு நிமிஷம், நான் ரெண்டு தடவை கேட்டேன், ஒரு தடவை மீன் கழுவிக்கிட்டே, இன்னொரு தடவை எம்ஆர்டி ரயில்ல. எனக்கு மைக்கை அமுக்கினாலே நாக்கு ஒட்டிக்கும், அதான் டைப் பண்றேன். எழுத்துப் பிழை இருந்தா நம்ம உமறுப் புலவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சிவப்புப் பேனாவைத் தூக்கிட்டு வராத.

முதல்ல வீட்டுச் சேதி. அவருக்குக் கண்புரை ஆப்பரேஷன் முடிஞ்சுது, இப்ப தூரத்துல வர்ற பஸ் நம்பரை எல்லாம் படிக்கிறாரு, அப்படியே என் மூஞ்சில இருக்கற சுருக்கத்தையும் எண்ணிட்டு உக்காந்திருக்காரு. சின்னவன் பொங்கோல் வீட்டுக்குச் சாவி வாங்கிட்டான். எங்க புளோக்குக்குக் கீழ யாரோ புண்ணியவான் வச்ச கறிவேப்பிலை மரம் இருந்துச்சுல்ல, அதை வெட்டிட்டாங்க, இப்ப ஒரு கொத்துக்குக் கூட தேக்கா சந்தைக்குப் போகணும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். மக சோத்தை நிறுத்திட்டுக் கொழுப்பாச் சாப்பிடற கீட்டோங்கறா, மருமகன் பழமே தொடக்கூடாதுங்கறாரு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா காலையில ஓட்ஸ்தான் உயிருங்கறாங்க, ‘நான் என்னத்தடி திங்கறது கமலா’ன்னு அழுவாச்சி குரல்ல கேட்டியே, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, மன்னிச்சுக்க. ஏன்னா இதே கேள்வியை நான் 2016ல கேட்டேன், நீ அப்ப மக பிரசவத்துக்கு அங்க போயிருந்த, அதனால என் கூத்து உனக்கு முழுசாத் தெரியாது.

அப்ப நம்ம ஆளுங்க மத்தியில பேலியோ பேலியோன்னு ஒரே அலை. எனக்கும் மாட்டிவிட்டாங்க. காலையில நூறு பாதாம், எண்ணி ஊறவச்சு, தோலை உரிச்சு. மத்தியானம் முட்டை இல்லன்னா கறி, ராத்திரி பன்னீர், நடுவுல டீயில வெண்ணெயைப் போட்டு ஒரு குடி. சோறு, இட்லி, தோசை, பருப்பு, பழம் எதுவும் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, மூணு மாசத்துல ஏழு கிலோ இறங்கிருச்சு, பழைய ரவிக்கை எல்லாம் உள்ள போச்சு. ஆனா வீட்டுல அவருக்கு ஒரு சமையல், பிள்ளைங்களுக்கு ஒரு சமையல், எனக்கு ஒண்ணு, பாதாமுக்கும் பன்னீருக்கும் கொட்டின காசுல ஒரு ஜோடி தோடு எடுத்திருக்கலாம். அப்புறம் தீபாவளி வந்துச்சு. ஒரே ஒரு முறுக்குன்னுதான் ஆரம்பிச்சேன். பொங்கலுக்குள்ள ஒன்பது கிலோ ஏறிருச்சு. அந்தச் சாப்பாடு தப்புன்னு நான் சொல்ல வரல, அதுல நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க, எனக்குத்தான் அதுல ஆயுசு பூரா இருக்க முடியல. முடியாத ஒண்ணு எவ்வளவு நல்லதா இருந்து என்ன பிரயோஜனம் சொல்லு.

அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன், நம்ம ஆயுசுல மட்டும் எத்தனை தடவை மாத்தி மாத்திச் சொல்லிட்டாங்க. ஞாபகம் இருக்கா, நம்ம வீடுகள்ல நெய்யையும் வெண்ணெயையும் நிறுத்திட்டு டின் மார்ஜரின் வாங்கினாங்களே, அதுதான் நெஞ்சுக்கு நல்லதுன்னு, உங்கம்மா நெய்ச்சோத்துக்குக் கூட அதைத்தான் போட்டாங்க. கடைசில பாத்தா கெட்டியாக்கறதுக்காக எண்ணெயைப் பாதி ஹைட்ரஜன் ஏத்திச் செய்யற வகையில டிரான்ஸ் ஃபேட்டுன்னு ஒரு கெட்ட கொழுப்பு வருது, அது வெண்ணெயை விட மோசம்னு ஆகி, 2021 ஜூன்ல இருந்து இங்க சிங்கப்பூர்ல அந்த எண்ணெயைச் சாப்பாட்டுல சேர்க்கவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. முட்டை கதையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் கணக்கு, ஒரு முட்டையிலயே கிட்டத்தட்ட 200 இருக்குன்னு பயமுறுத்தி வச்சிருந்தாங்க, என் மாமனாரு பாவம் வெள்ளைக்கருவை மட்டும் தின்னுட்டே போய்ச் சேந்தாரு. அப்புறம் 2015-2020க்குன்னு அமெரிக்கா போட்ட வழிகாட்டியில அந்த 300ஐ எடுத்துட்டாங்க. அதுக்காக இஷ்டத்துக்குத் தின்னுன்னும் அவங்க சொல்லல, அதை நம்ம வாட்ஸ்அப் ஆளுங்க மட்டும் வசதியா மறந்துட்டாங்க. தேங்கா எண்ணெயும் அதே மாதிரிதான், ஒரு பக்கம் அமிர்தம்னு ஸ்பூன்ல குடிக்கிறாங்க, இன்னொரு பக்கம் 2017ல அமெரிக்க இருதயச் சங்கம் அது வேணாம்னு அறிக்கையே விட்டுச்சு, அதுல 80 சதவீதத்துக்கு மேல நெஞ்சுக்கு ஆகாத சேச்சுரேட்டட் கொழுப்புங்கறாங்க. நான் என்ன பண்ணேன் கேளு, தலைக்குத் தடவறதை நிறுத்தல, குழம்புக்குத் தேங்கா அரைக்கறதையும் நிறுத்தல, தினம் அரைச்சதை வாரம் ரெண்டு நாளாக்கினேன், அவ்வளவுதான்.

ஏன் இப்படி மாத்தி மாத்திச் சொல்றாங்கன்னு பெரியவன் ஒரு நாள் விளக்கினான். இந்த ஆராய்ச்சில பாதி, ஆளுங்களைக் கூப்பிட்டு போன வருஷம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுத்தான் எழுதறாங்களாம். எனக்கு முந்தாநாள் ராத்திரி என்ன சாப்பிட்டேன்னே தெரியாது. அதோட கைக்குத்தல் அரிசி சாப்பிடறவன் நடக்கவும் நடப்பான், சிகரெட்டும் புடிக்க மாட்டான், அப்ப நல்லா இருக்கறது அரிசியாலயா நடையாலயான்னு எப்படிப் பிரிக்கறது? இன்னொண்ணு எனக்கே தோணுச்சு, முட்டை நல்லதா கெட்டதான்னு கேட்டா அதுக்குப் பதிலா எதை வைக்கறங்கறதுலதான் விஷயம் இருக்கு. காலையில பரோட்டாவும் கறிக்குழம்பும் பசியாறறவளுக்கு ரெண்டு அவிச்ச முட்டை புண்ணியம், சுண்டலும் பழமும் சாப்பிடறவளுக்கு அதுவே அவ்வளவு பெரிய லாபம் இல்ல. இதை எவனும் ஒரு நிமிஷ வீடியோல சொல்ல மாட்டான்.

அப்ப நான் என்னதான் சாப்பிடறேன்னு கேப்ப. மூணு வருஷத்துக்கு முந்தி பாலிகிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, மூணு மாசச் சராசரி சக்கரை 6.2, இன்னும் இனிப்பு நீர் நோய் இல்ல ஆனா வாசல்ல நிக்கறீங்கன்னு சொன்னாங்க. சின்னப் பொண்ணு, சீனப் பொண்ணுதான் டாக்டரு, என்னைத் திட்டவும் இல்ல பயமுறுத்தவும் இல்ல. ‘ஆன்ட்டி, சோறு நிறுத்த வேணாம், பாதியாக்க முடியுமா’ன்னு கேட்டுச்சு. அப்புறம் ஒரு காகிதத்துல வட்டம் போட்டு, தட்டுல பாதி காய் பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனு கறி பருப்புன்னு வரைஞ்சு குடுத்துச்சு. அது நம்ம சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014ல இருந்து சொல்லிட்டு இருக்கறதுதான், எம்ஆர்டி ஸ்டேஷன்ல எல்லாம் பாத்திருக்கேன், ஆனா பேசிக்கிட்டே ஒருத்தங்க கையால வரைஞ்சு குடுக்கறப்பதான் உறைச்சுது. ரேஸ்கோர்ஸ் ரோட்டு வாழை இலைச் சாப்பாட்டை நெனச்சுப் பாரு, அப்படியே தலைகீழு, மலை மாதிரி சோறு, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் பொரியல்.

எங்கம்மா பால் டின்னுல அரிசி அளப்பாங்களே, அதே மாதிரி ஒரு பழைய டின்னு இன்னும் என் அரிசி டப்பாவுக்குள்ள கிடக்கு. முன்ன எங்க ரெண்டு பேருக்கு மத்தியானம் ஒரு டின்னு போடுவேன், இப்ப அரை டின்னு. அதே புழுங்கலரிசிதான். கூட கங்கோங் கீரையோ முருங்கைக் கீரையோ, பருப்பு, ஒரு துண்டு மீனு, ரசம். ராத்திரி ரெண்டு தோசை இல்லன்னா சப்பாத்தி, எட்டு மணிக்குள்ள. கோப்பிக்கடையில மட்டும் கொஞ்சம் மனசு அடிச்சுக்கிச்சு. நாப்பது வருஷமா பாலு சீனி போட்ட தே குடிச்ச நாக்கு, முதல்ல சீனி குறைச்சலா சியூ டாய்ன்னு கேட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு சீனியே இல்லாத தே சி கோசோங். முதல் வாரம் கழனித் தண்ணி மாதிரி இருந்துச்சு, இப்ப பழைய தே குடிச்சாத்தான் பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு. பேத்தி என்னை பபிள் டீ கடைக்கு இழுத்துட்டுப் போவா, அங்க போர்டுல சீனி அளவுக்கு ஏத்த மாதிரி ஏ பி சி டின்னு எழுத்துப் போட்டிருக்கு, நூறு மில்லிலிட்டருக்கு பத்து கிராமுக்கு மேல சீனி இருந்தா டி. ‘பாட்டி நான் பி எடுத்தேன்’னு பரீட்சை மார்க்கு மாதிரி பெருமையாச் சொல்றா.

கல்யாணம் காட்சின்னா சாப்பிடறேன்டி. போன மாசம் ஒரு கல்யாணத்துல பிரியாணி சாப்பிட்டேன், கேசரியும் சாப்பிட்டேன், மறுநாள் பட்டினி கிட்டினின்னு நாடகம் எதுவும் போடல, வழக்கம் போல அரை டின்னு. அந்த மேசையில பத்து பேரு உக்காந்திருந்தோம், சாப்பாடு வந்ததும் அஞ்சு பேரு கைப்பையில இருந்து மாத்திரை எடுத்தாங்க, அதைப் பாத்ததும் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. 6.2 இப்ப 5.8. எடை நாலு கிலோதான் குறைஞ்சுது, அதுவும் மூணு வருஷத்துல, வெளிய சொன்னா யாரும் லைக் போட மாட்டாங்க.

இன்னொரு கூத்து. சின்னவன் வந்து, அம்மா, பதினாறு மணி நேரம் சாப்பிடாம எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடறது புதுசா வந்திருக்குங்கறான். போடா, மும்தாஜு எட்டு வயசுல இருந்து நோன்பு வைக்கறான்னேன். இவங்க நடுவுல தண்ணியாவது குடிப்பாங்க, நீ இந்த வெயில்ல பதிமூணு மணி நேரத்துக்கு மேல எச்சில் கூட விழுங்க யோசிச்சுக்கிட்டு கணக்கு வகுப்புல தூங்கி விழுவ.

ஆனா சிரிப்பு தனி, இது தனி, கவனமாக் கேளு. நீ சக்கரை மாத்திரை போடறவ. நோன்பு வர்றதுக்கு முந்தி டாக்டர்கிட்ட போயி மாத்திரை நேரத்தையும் அளவையும் மாத்திக்கிட்டு வருவியா இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். மக சொல்றான்னு திடீர்னு சோத்தையும் பழத்தையும் நிறுத்திட்டு மாத்திரையை மட்டும் பழையபடி போட்டா சில மாத்திரைக்கு சக்கரை படக்குன்னு இறங்கிரும், கை நடுங்கி வேர்த்து விழுந்து கிடப்ப, அங்க பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. கீட்டோவோ காட்டோவோ, முதல்ல உன் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு ஆரம்பி. மககிட்ட சண்டை போடாத, அவ பயத்துலதான் சொல்றா, அவ அத்தா போனதுல இருந்து அந்தப் பயம் அவளுக்கு இருக்கு, உனக்கும் தெரியும்.

டிசம்பர்ல வர்றேன்னு சொன்னியே, டிக்கெட் போட்டுட்டியா? வந்தா நம்ம பள்ளிக்கூடம் இருந்த மேக்ஸ்வெல் பக்கம் ஒரு நாள் நடந்துட்டு வரலாம், நீ கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பாவாடை மடிப்புல ஒளிச்சு வச்சு மாட்டினியே, அந்தத் தெருவையாவது பாப்போம்.

முக்கியமா ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன். உங்கம்மா தூக்குச்சட்டில நோன்புக் கஞ்சி குடுத்து விடுவாங்கல்ல, அந்த வெந்தய வாசம் போன வாரம் திடீர்னு ஞாபகத்துக்கு வந்து ரெண்டு நாளா போகல. நீ எழுதிக் குடுத்த காகிதத்தை வீடு வெள்ளையடிச்சப்ப தொலைச்சுட்டேன். அரை டின்னு அரிசிக்கு பாசிப்பருப்பு எவ்வளவு, வெந்தயம் எத்தனை ஸ்பூனு, கொத்துக்கறியை முதல்லயே போடறதா கடைசியிலயா, தேங்காப்பால் எப்ப ஊத்தணும், எல்லாம் விவரமா அனுப்பு. வாய்ஸ் மெசேஜா வேணாம், எழுதி அனுப்பு.

உன்
கமலா