கீரவாணியும் நான்கு தந்திகளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், முட்டிவலி தேவலை. இரண்டும் நல்ல சேதி. மூன்றாவதாக, குரல் சுருதியில் அரைக் கட்டை இறங்கிவிட்டது, பாடுவதையே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

"அந்தப் பொம்மையில் என்னதான் வாசிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். பொம்மை இல்லையடா. 1879-இல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன சின்ன வாத்தியத்தின் வழியில் பிறந்ததுதான் யுகுலேலே. நைலான் தந்திகள் நான்கு; மேற்கத்திய சுரப் பெயரில் ஜி, சி, இ, ஏ. என்னுடையது சோப்ரானோ, வழக்கமான அளவுகளில் மிகச் சின்னது. தந்தி அதிர்கிற நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மடியில் வைத்தால் மடியில் இன்னும் இடம் மிச்சமிருக்கும்.

இப்போது அதில் ஹார்மோனிக் மைனர் என்கிற மேற்கத்திய ஸ்கேலை, அதாவது சுர வரிசையை, பழகிக்கொண்டிருக்கிறேன். "கீரவாணி ராகம்தானே, அதில் கற்க என்ன இருக்கிறது?" என்பாய், தெரியும். சுரங்கள் அதேதான். சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம்; தாய் ராகங்களில் 21-ஆவது மேளம். ஏ தந்தியிலேயே நேராக ஏறினால் 0, 2, 3, 5, 7, 8, 11, 12 என்று ஃபிரெட் எண்களை ஒப்பித்துவிடலாம் (ஃபிரெட் என்பது வாத்தியக் கழுத்தின் குறுக்குக் கம்பி; ஒன்றுக்கு ஓர் அரைச்சுரம், 0 என்றால் திறந்த தந்தி). எண்கள் விரலுக்குச் சீக்கிரம் வந்துவிடும். காதுக்கு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

சிக்கல் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு மூன்று அரைச்சுரத் தாவல். இந்தச் சின்ன வாத்தியத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர்தான். கிட்டாரில் ஏறத்தாழ இரண்டு பங்கு. ஆள்காட்டி விரலை ஏழில் வை, நடுவிரலை எட்டில், சுண்டுவிரல் பதினொன்றுக்குத் தானாகவே எட்டும். ஆக விரலுக்குக் கஷ்டமே இல்லை. இறங்கும்போதுதான் வினை. மேல் ஸட்ஜத்திலிருந்து கீழே வருகையில் காது பத்தாவது ஃபிரெட்டைத்தான் கேட்கிறது. நடபைரவி ராகத்தைக் கேட்டுக் கேட்டு ஊறிய காது, அதில் வரும் அரைச்சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதத்தை விட்டு வர மாட்டேன் என்கிறது. ஏறுவதை மட்டும் பழகிவிட்டு "வந்துவிட்டது" என்று நினைப்பவர்கள் பாதிதான் கற்றிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

எனக்கு வழி திறந்தது ஸ்கேலை விட்டுக் கார்டுக்கு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவதற்கு, போனபோதுதான். நம் சங்கீதத்தில் நிஷாதம் ஏன் காகலி என்று யாரும் கேட்பதில்லை, ராகத்தின் சுபாவம் அது, அவ்வளவுதான். மேற்கத்தியர்களுக்கு அதற்குக் காரியம் இருக்கிறது. ஏ-வை ஸட்ஜமாகக் கொண்ட ஏ மைனரில் ஐந்தாவது கார்டை இருக்கிற சுரங்களைக் கொண்டே கட்டினால் இ மைனர் வரும். அதிலிருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது ஒரு தவிப்பும் இருக்காது. அதிலுள்ள ஜி-யை, அதாவது நிஷாதத்தை, அரைச்சுரம் ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கினால் கார்டு இ மேஜராகிவிடும். அந்த ஜி ஷார்ப் ஏ-வுக்கு அடுத்த படியில் நின்றுகொண்டு "போ, போ" என்று தள்ளும்.

யுகுலேலேயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இ மேஜரோடு இன்னொரு சுரம் சேர்ந்த இ செவன் கார்டில் ஜி தந்தியின் முதல் ஃபிரெட் ஜி ஷார்ப். அடுத்து ஏ மைனர் பிடித்தால் அதே தந்தியின் இரண்டாவது ஃபிரெட் ஏ. ஒரே ஒரு கட்டம் நகர்கிறது. இந்த இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே "நி… ஸ" என்று வாயால் பாடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு தைவதத்திலிருந்து தாவும்போது நிஷாதம் எங்கே இருக்கிறது என்று விரல் தேடவில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்த வாத்தியத்தில் ஜி தந்தி, தாழ்ந்த சுருதித் தந்தி இருக்க வேண்டிய மேல் ஓரத்தில் இருந்தாலும் சுருதியில் சி, இ இரண்டையும் விட உயரம். அதனால் தைவதமாகிற எஃப்-ஐ இ தந்தியின் முதல் ஃபிரெட்டில் வாங்கி, ஜி ஷார்ப்பை ஜி தந்தியின் முதல் ஃபிரெட்டில் வாங்கி, ஏ-வைத் திறந்த தந்தியில் விட்டால், மூன்று சுரமும் மூன்று தந்தியில். ஒன்றை ஒன்று அணைக்காமல் மணி மாதிரி சேர்ந்து ஒலிக்கும். கையில் தாவலே இல்லை, காதில் மட்டும் இருக்கிறது! ஒற்றைத் தந்தியில் ஓடுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. முதல் ஃபிரெட்டில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் சுருதி ஏறிக் காகலி கசந்துவிடும்.

கமகம், அந்தச் சுர அசைவெல்லாம், கேட்காதே. இவ்வளவு குட்டை நைலானை எவ்வளவு இழுத்தாலும் வீணை மாதிரி வளையாது. ஆகவே நான் வாசிப்பதைக் கீரவாணி என்று உன் குருவிடம் போய்ச் சொல்லிவிடாதே. அதன் எலும்பு என்று வேண்டுமானால் சொல். ஆனால் கிரகபேதம், அதாவது ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டுவது, அதற்கு இந்த எலும்பே போதும். இதே சுரங்களைத் திறந்த இ தந்தியை ஸட்ஜமாக வைத்து 0, 1, 4, 5, 7, 8, 10, 12 என்று வாசித்தால் வகுளாபரண ராகம் வந்து நிற்கிறது. உனக்கு ஏட்டிலேயே தெரிந்த கணக்குதான், ஆனாலும் கையில் கேட்கும்போது வேறு சுகம்.

இப்போது உன் குரல் விஷயம். நீ ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து, பாடியவன். என் சி தந்தி அதே சுருதி, ஏ தந்தியில் சொன்ன எண்கள் அதிலும் அப்படியே பொருந்தும். அரைக் கட்டைதானே இறங்கியிருக்கிறது? நான்கு தந்தியையும் அரைச்சுரம் தளர்த்திவிட்டால் தீர்ந்தது. ஃபிரெட் எண் ஒன்றும் மாறாது, நைலானும் முகம் சுளிக்காது. இதற்காகப் பாட்டை நிறுத்துவானா ஒருத்தன்?

எனக்கு ஓர் உதவி செய். "ப த நி ஸ, ஸ நி த ப" இதைக் கமகமில்லாமல் ஒரு தடவை, உன் வழக்கப்படி ஒரு தடவை பாடிப் பதிவு செய்து அனுப்பு. இறங்கும்போது தைவதத்தில் நீ எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்