கோடிங் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயர்தரம் முடித்த பிள்ளைகள் எந்தக் கணினி மொழியைப் படித்தால் கெதியாக வேலை எடுக்கலாம் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் வீட்டில் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள், மருமகன் படிக்க வேண்டுமாம். பைதன் முதலிடம், ஜாவா இரண்டாமிடம், பிஎச்பி காலாவதி என்று அதில் ஒரு பட்டியல். நான் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் கன காலமாக வேலை செய்கிறேன், நேர்முகப் பரீட்சை வைக்கும் மேசையிலும் அடிக்கடி உட்கார்த்தி வைக்கிறார்கள், அதனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் கடைசியில் யாருடைய தலையில் போய் விழும் என்று தெரியும்.

அண்மையில் வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்திருந்தார். சுயவிபரக் கோவையின் முதல் வரியிலேயே பிஎச்பி. ஊரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறார், அது இன்றைக்கும் ஓடுகிறது. என் பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஓ, பிஎச்பியா, அது சரி, ஜாவா தெரியுமா?" விற்ற சாமான் திரும்பி வந்தால் ஸ்டொக் எப்படித் திருத்தப்படுகிறது, பாதி பில்லில் கரண்ட் போனால் என்ன நடக்கிறது, ஒன்றையும் கேட்கவில்லை. லிங்க்ட் லிஸ்ட், அதாவது ஒன்று அடுத்ததைச் சுட்டும்படி கோர்த்த தரவு வரிசை, ஒன்றைத் தலைகீழாக்கும் நிரலை வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னார். பிள்ளை எழுதினார். பாடமாக்கி வந்திருக்கிறார் என்பது எழுதிய வேகத்திலேயே விளங்கியது, இவரும் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிஎச்பி என்றதும் சிரிப்பவர்களுக்குச் சஹானாவைத் தெரியாது போல. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களைத் தேடவும், முகாம்களையும் நிவாரணத்தையும் கணக்கு வைக்கவும், லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் இதே நாட்டில் இருந்து அவசர அவசரமாக எழுதிய மென்பொருள் அது. எழுதியது பிஎச்பியில். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் பாவித்தார்கள், 2006ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொஃப்ட்வெயார் பவுண்டேஷனின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. விக்கிப்பீடியா ஓடுவதும் பிஎச்பியில்தான். அந்த மொழியில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை, ஒரு ஃபங்ஷனில் (மொழியோடு வரும் ஆயத்தக் கட்டளையில்) தேட வேண்டியதை முதலில் கொடுக்க வேண்டும், இன்னொன்றில் இரண்டாவதாகக் கொடுக்க வேண்டும், எரிச்சல் வரும். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995இல் பத்து நாளில் செய்து முடித்தார், அந்த அவசரத்தின் தழும்பும் இன்னும் இருக்கிறது, ஆனால் அது ஓடாத பிரவுசர் எங்கே? இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனி செய்த பலரினா என்ற கணினி மொழியின் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. நம்மூரில் உருவான மொழி என்று ஒரு பொடியன் ஆசையாக அதை எழுதிக்கொண்டு வந்தால், "அதை யார் பாவிக்கிறார்கள்?" என்று கேட்பதற்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது.

வெள்ளைப் பலகையில் வைக்கும் புதிர்ப் பரீட்சை விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெரிய கம்பனிகளைப் பார்த்துத்தான் இதைப் பிடித்துக்கொண்டோம். ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற கேள்விகள் முழு நேர விரயம் என்று கூகுளின் ஆளணிப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பொக் 2013இலேயே நியூயோர்க் டைம்ஸ் பேட்டியில் சொல்லிவிட்டார். மக் கணினியில் வேலை செய்யும் டெவலப்பர்கள் பலரும் மற்ற மென்பொருள்களை நிறுவப் பாவிக்கும் ஹோம்ப்ரூவை எழுதிய மக்ஸ் ஹவல், வெள்ளைப் பலகையில் ஒரு பைனரி ட்ரீயை (இரண்டிரண்டாகக் கிளை பிரியும் தரவு அமைப்பை) இடம் வலமாகப் புரட்ட முடியாததால் கூகுள் தன்னை எடுக்கவில்லை என்று 2015இல் வெளிப்படையாகவே எழுதினார். ஒரு காப்புறுதிக் கம்பனியின் பழைய நிரலைத் திருத்திக் கொடுக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிற நாங்கள் இன்னும் அதே ட்ரீயைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு முறை வந்தபோது அந்தப் பிள்ளையிடம் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். 'கொழும்பு' என்ற சொல்லுக்கு நீளம் எத்தனை? பலர் உடனே நாலு என்பார்கள், கண்ணுக்குத் தெரிவது நாலு எழுத்துத்தானே. பைதனிடமோ ஜாவாஸ்கிரிப்டிடமோ கேட்டால் 8 என்று சொல்லும், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு 24 என்னும், அது சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் அலகான பைட்டை எண்ணுகிறது, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அப்பிள் கம்பனியின் ஸ்விஃப்ட் மொழி நம்மைப்போல 4 என்று சொல்லும். தலைகீழாக்கச் சொன்னால் இன்னும் வேடிக்கை, ஒன்றும் யோசிக்காமல் எழுதிய நிரல் முன்னால் ஓர் உகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிட்டு, பின்னால் 'ப்முழொக' என்று எதையோ துப்பும். போதாததற்கு 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம், பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் இரண்டையும் முன்கூட்டியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் தேடலில் ஒன்று மற்றதுடன் பொருந்தாது. இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துக் கொள்ளும், தமிழில் அது 70, அந்த 70இலும் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும், வங்கியின் சார்பில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எழுதுகிறவருக்கு இது பணப் பிரச்சினை.

அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார். "எழுத்துக் கணக்கா சேர், பைட் கணக்கா?" ஹார்ட்வெயார் கடை பில்லில் சாமானின் தமிழ்ப் பெயர்கள் பாதி எழுத்தில் வெட்டுப்பட்டு வந்ததாம், அதைத் திருத்தப் போய்த்தான் இதெல்லாம் படித்தாராம். சரி, எனக்கு இது போதும் என்று நினைத்தேன்.

ஆனால் எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது திக்கிவிட்டார். கிளையன்ட் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும்போது ஆங்கிலம் வேண்டும்தான், அதை மறுக்க முடியாது. என்ன ஆங்கிலம் என்பதில்தான் எனக்குச் சண்டை. எங்கள் வேலையில் பாதி எழுத்து. எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எது இன்னும் சரிவரவில்லை என்று நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தால் நியூயோர்க்கில் இருப்பவருக்கு உச்சரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. அந்த நாலு வரியை எழுதச் சொல்லி எந்தப் பரீட்சையிலும் கேட்டதை நான் காணவில்லை. சரளமாகக் கதைத்து உள்ளே வந்துவிட்டு, "திருத்தங்கள் செய்தேன்" என்று ஒற்றை வரி எழுதி மற்றவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் காண்கிறேன்.

வீட்டில் வைத்துச் செய்யும் பரீட்சையைச் சாட்ஜிபிடி முடித்துவிடுகிறது, ஆகவே பலகைதான் ஒரே வழி என்று இப்போது புதிதாக ஒரு நியாயம் சொல்கிறார்கள். பலகைக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு வழியே இல்லையா? எங்கள் பழைய நிரலில் ஒரு துண்டை, உள்ளே ஒரு பிழையோடு, கையில் கொடுத்துப் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் சேர்ந்து வாசித்தால் ஆள் எப்படி யோசிக்கிறார், விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லுகிறாரா என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கம்பனிக்கு அதில் ஒரு நட்டம் உண்டு, மூத்த ஆள் ஒருவர் மற்ற வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். அதற்கு மனம் வராததால்தான் ஒன்லைன் பரீட்சை இணைப்பை அனுப்பிவிட்டு, புள்ளி குறைந்தவரை மெஷினே கழித்துவிடட்டும் என்று இருக்கிறார்கள்.

உள்ளே வந்த பிறகு நடப்பதையும் ஒருவரும் முதலில் சொல்வதில்லை. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவியூவில், வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதற்கு டாப்பா ஸ்பேஸா என்று மணிக்கணக்கில் இழுபடுகிறார்கள், கோ மொழிக்காரர்கள் அதை நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் என்ற கருவியிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள், மற்ற மொழிகளுக்கும் அப்படிக் கருவிகள் வந்துவிட்டன, போட்டுவிட்டால் முடிந்தது. மீற்றிங் நேரம்தான் பெரிய தலையிடி. நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, அவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 7.30. மருதானையிலோ தெமட்டகொடையிலோ வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை 8.30 வரை மீற்றிங்கில் இருந்துவிட்டு அதற்குப் பிறகு பஸ் பிடித்து எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவது? 2022இல் பெற்றோல் வரிசையும் 13 மணிநேர மின்வெட்டும் வந்தபோது வீட்டில் இருந்தே வேலை நடந்தது, ஒன்றும் குடி முழுகவில்லை. இப்போது பழையபடி ஒஃபிசுக்கு வா என்கிறார்கள், ஆனால் இரவு மீற்றிங் மட்டும் அப்படியே இருக்கிறது.

நேர்முகத்தின் முடிவில் "ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்பார்கள். பிள்ளைகள் "இல்லை சேர்" என்று எழும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து எழும்ப வேண்டாம், கடைசி மீற்றிங் எத்தனை மணிக்கு முடியும், இரவில் சேர்வர் விழுந்தால் யாருடைய போன் அடிக்கும், அதற்குத் தனியாகக் காசு உண்டா என்று கேளுங்கள். காசைப் பற்றிய பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06