சிமென்ட் ஆலைப் புகைக்குச் சவ்வு முறையையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரியமில வாயுவைக் குறைக்கணும் என்று பேச்சு வந்தாலே சோலார், காற்றாலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் சிமென்டுக்கு அது போதாது. சூளையில் நிலக்கரி எரித்தாலும் சரி, வேறு எதை எரித்தாலும் சரி, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தில் கல்லுக்குள் அடைந்த வாயு அது. அதைப் புகைபோக்கியில்தான் பிடித்தாக வேண்டும்.

இப்போது பெரும்பாலும் அமீன் என்ற, கரியமில வாயுவை உறிஞ்சும் ரசாயனக் கரைசலில்தான் பிடிக்கிறார்கள். தூத்துக்குடியில் 2016-லேயே பாய்லர் புகையிலிருந்து இப்படிப் பிடித்து சோடா ஆஷ் தயாரித்தார்கள். ஆனால் கரைசலிலிருந்து வாயுவை மறுபடி பிரிக்க நிறைய நீராவி வேண்டும், அனல்மின் நிலையத்தில் இருக்கிற மாதிரி சிமென்ட் ஆலையில் நீராவி கிடையாது. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025-ல் திறந்த பிடிப்பு அமைப்பின் திட்டமே ஆண்டுக்கு 4 லட்சம் டன் கரியமில வாயுதான், அதாவது அந்த ஆலை வெளியிடுவதில் சுமார் பாதி. மிச்ச வெப்பம் எவ்வளவு கிடைக்கிறதோ அதைப் பார்த்து வைத்த அளவு அது.

சவ்வுக்கு நீராவியே வேண்டாம். மெல்லிய பாலிமர் படலத்தின் ஒரு பக்கம் புகையை விட்டு மறுபக்கம் வாக்குவம் பம்பால் இழுத்தால், கரியமில வாயு படலத்தில் கரைந்து வேகமாக ஊடுருவிப் போகும், நைட்ரஜன் பெரும்பாலும் பின்தங்கிவிடும். செலவு மின்சாரம்தான். புகையில் கரியமில வாயு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுலபம்: நிலக்கரி மின் நிலையப் புகையில் அது 12-14 சதவீதம், சிமென்ட் சூளைப் புகையில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல்.

குறையும் உண்டு. ஒரு தடவை கடந்தால் போதிய சுத்தம் வராது, இரண்டாவது கட்டம் வேண்டும், பம்புக்கு மின்சாரம் கணிசமாகப் பிடிக்கும், சூளைத் தூசியும் கந்தகமும் படலத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரெவிக்கிலேயே சவ்வையும் சோதித்துவிட்டுக் கடைசியில் அமீனைத்தான் எடுத்தார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்து சுமார் பத்து வருடம் ஆகிவிட்டது. அப்புறம் அமெரிக்காவின் வயோமிங்கில், டிரை ஃபோர்க் நிலக்கரி மின் நிலையத்தில், நாளுக்கு 150 டன் பிடிக்கும் அளவில் சவ்வு முறைச் சோதனை ஆலை அமைக்கும் வரை வந்துவிட்டார்கள்.

நம் சுண்ணாம்புக்கல், நம் நிலக்கரி, நம் வெயில், நம் தூசியில் படலம் எத்தனை நாள் தாங்கும் என்பதை வெளிநாட்டு அறிக்கை சொல்லாது. அரியலூரில் ஏதாவது ஒரு ஆலையின் புகையில் சிறு பங்கைத் திருப்பிவிட்டு ஒரு முழு வருடம் சோதிக்க மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு எவ்வளவு மின்சாரம் ஆனது, படலத்தை எப்போது மாற்ற வேண்டிவந்தது என்ற கணக்கையும் மறைக்காமல் வெளியிட வேண்டும்.

வாசகர்,
அரியலூர்