சித்தப்பாவுக்கு: 408-ஆம் ஆண்டின் மிளகுக் கணக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் நீங்கள் ஐம்பது கிராம் மிளகு நிறுத்தபோது தட்டில் நாலு மணி கூடிவிட்டது. அதைப் பொறுக்கி டப்பாவில் திரும்பப் போட்டீர்கள். நான் சிரித்ததும், "சிரிக்காதடா, இது தங்கம்" என்றீர்கள். அப்போதே சொல்ல வந்தேன், ஆள் வந்துவிட்டது. பேரம் பேசத் தெரிந்தவர் நீங்கள், அதனால் இந்தக் கதை உங்களுக்குத்தான். ஊரே படித்தாலும் பரவாயில்லை.

கி.பி. 408. ரோமப் பேரரசு அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இரண்டாகக் கிடந்தது. மே 1 அன்று கிழக்கை ஆண்ட அண்ணன் அர்க்காடியஸ் இறந்தார். அரியணை ஏறிய மகனுக்கு ஏழு வயது. மேற்கில் தம்பி ஹொனோரியஸ், சதுப்பு நிலம் சூழ்ந்த ரவென்னாவில் பத்திரமாக இருந்தார். பாரம் சுமந்தவர் மாமனார் ஸ்டிலிகோ. வண்டல் என்ற ஜெர்மானிய இனத்துத் தகப்பனுக்குப் பிறந்த தளபதி.

அந்த வருடத் தொடக்கத்தில் கோத்துகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தின் தலைவன் அலாரிக் 4,000 ராத்தல் தங்கம் கேட்டான். ரோம ராத்தல் என்பது ஏறக்குறைய 327 கிராம். கொடுத்துவிடலாம் என்று ஸ்டிலிகோ ரோமின் மூத்தோர் அவையான செனட்டைச் சம்மதிக்க வைத்தார். லாம்பாடியஸ் என்ற உறுப்பினர் மட்டும் எழுந்து, "இது சமாதானம் இல்லை, அடிமை ஒப்பந்தம்" என்றார். சொல்லிவிட்டுப் பயந்துபோய்ப் பக்கத்துத் தேவாலயத்துக்குள் புகுந்துகொண்டார். வீரவசனத்துக்கும் அதைப் பேசியவருக்கும் நடுவே இவ்வளவுதான் தூரம்.

அதற்குள் அரண்மனையில் புறணி கிளம்பியது: ஸ்டிலிகோ தன் மகனைக் கிழக்கின் அரியணையில் உட்காரவைக்கப் பார்க்கிறாராம். மருமகன் நம்பினார். ரவென்னாவில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவரை, கைது மட்டும்தான் என்று ஆயர் முன்னால் சத்தியம் செய்து வெளியே வரவழைத்தார்கள். வந்ததும் இரண்டாவது கடிதம் நீட்டப்பட்டது, அது மரண தண்டனை. காப்பாற்றக் கிளம்பிய தன் ஆட்களை அவரே தடுத்துக் கழுத்தைக் கொடுத்தார். ஆகஸ்ட் 22.

இதோடு விட்டார்களா? ரோமப் படையில் இருந்த அயலினச் சிப்பாய்களின் பெண்டு பிள்ளைகளை ஊர் ஊராக வெட்டினார்கள். 30,000-க்கும் மேற்பட்ட அந்தச் சிப்பாய்கள் நேரே அலாரிக்கிடம் போனார்கள். அப்போதும் அவன் மிதமான தொகைக்கு இறங்கி வந்தான். ஹொனோரியஸ் முடியாது என்றார். வந்த வாடிக்கையைக் கெடுத்துக்கொண்டார் என்பீர்கள்.

அலாரிக் ரோமைச் சூழ்ந்து, டைபர் ஆற்றில் தானியம் வரும் வழியை அடைத்தான். ரொட்டிப் படி பாதியானது, பிறகு மூன்றில் ஒன்று. செத்தவர்களை மதிலுக்கு வெளியே புதைக்க வழியில்லை. பழைய பேரரசர் கிரேஷியனின் விதவை லாயிட்டாவும் அவர் தாயாரும் தங்கள் வீட்டிலிருந்து சோறு போட்டு ஆட்களைக் காப்பாற்றினார்கள். செனட்டோ ஸ்டிலிகோவின் மனைவி செரீனாவைத் துரோகி என்று சந்தேகித்துக் கழுத்தை நெரித்துக் கொன்றது.

ரோமிலிருந்து தூது போனவர்கள், எங்களிடம் ஆள்பலம் ஏராளம் என்றார்கள். "அடர்ந்த புல்லை அறுப்பது சுலபம்" என்று அலாரிக் சிரித்தான். எல்லாவற்றையும் நீ எடுத்துக்கொண்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்டார்கள். அவன் சொன்னான்: "உங்கள் உயிர்."

கடைசியில் பேசி முடித்த கணக்கு: தங்கம் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல், பட்டு அங்கிகள் 4,000, சிவப்புச் சாயத் தோல்கள் 3,000, மிளகு 3,000 ராத்தல். ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் மிளகு மட்டும் இருபது மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு, சித்தப்பா! நம் கரையில் கப்பலேறி, செங்கடல் வழியாக எகிப்து போய், அங்கிருந்து ரோம் சேர்ந்தது. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு சேரர் துறைமுகமான முசிறியைப் பாடும். கறி என்றால் மிளகு. பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிய ஊர், இப்போது இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வெளியே அனுப்பியது.

அரசுக் கஜானாவில் பணமில்லை. பணக்காரர்களிடம் வசூலித்தும் போதாமல் கோயில் சிலைகளின் நகைகளைக் கழற்றினார்கள், தங்கச் சிலைகளை உருக்கினார்கள். அதில் ஒன்று வீரத்தின் தெய்வம்.

பிறகு அலாரிக் மூன்று நாள் சந்தைக்கு அனுமதி கொடுத்தான். ஜனங்கள் வெளியே வந்து, வீட்டில் மிஞ்சியதை விற்றுத் தின்ன வாங்கினார்கள். ரோமின் அடிமைகளும் வெளியேறினார்கள், அன்றாடம் கூட்டம் கூட்டமாக. அவர்கள் திரும்பவில்லை.

நீங்களாக இருந்தால் 4,000-க்கே முடித்திருப்பீர்களா, இல்லை அதையும் குறைத்துக் கேட்டிருப்பீர்களா? பொங்கலுக்கு வரும்போது சொல்லுங்கள். எனக்குக் கால் கிலோ எடுத்து வையுங்கள், நாலு மணி கூடவே.

உங்கள் அண்ணன் மகன்