ஜவ்வரிசிக் கஞ்சியும் தட்டுவடை செட்டும்: எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தன் எழுதுற கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா எல்லாம் ஆபரேஷன் தியேட்டரோட முடிஞ்சு போச்சு, வீட்டுக்கு வந்தப்புறம் அடுப்படியில என்ன நடக்கும்னு ஒரு வரி கூட இல்லை. அதனாலதான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்லைங்க, செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி 126 கிலோ இருந்தப்ப கோயம்புத்தூர்ல போய் ஸ்லீவ்னு சொல்ற, வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், இப்ப 90. அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு யாராவது ஒருத்தர் இந்த ஆபரேஷனுக்குப் போனா என் நம்பரை வாங்கிப் பேசுறாங்க, எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, என்ன சாப்பிடுறது?"

கேள்வி நியாயமானதுதாங்க. ஏன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு என் கையில குடுத்த டயட் சீட்டு முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு, அதுல ப்ரோக்கோலி சூப், கிரீக் யோகர்ட், டோஃபுன்னு போட்டிருந்துச்சு. என் வீட்டுக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. எங்கம்மா அதுக்குள்ள ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிட்டாங்க. சேலத்துல காய்ச்சல்னாலும் வயித்தால போனாலும் ஆபரேஷன்னாலும் ஜவ்வரிசிக் கஞ்சிதானே, நம்ம குச்சிக்கிழங்குல (மரவள்ளிதான்) எடுக்குறது, ஆத்தூர்ப் பக்கம் போனா ரோட்டோரம் பூரா சேகோ ஆலைதான். பத்து நாள் அதைத்தான் குடிச்சேன். பத்தாவது நாள் டயட்டீஷியன் அம்மா போன் பண்ணி என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் சொன்னாங்க, ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, புரோட்டீன்னு பாத்தா ஒண்ணுமே இல்லை, நீங்க பத்து நாளா பசையைக் குடிச்சிருக்கீங்கன்னு. நம்ம ஊரு பொருளை இப்படிச் சொல்றாங்களேன்னு கோவம் வந்துச்சு, ஆனா உண்மை.

ஸ்லீவ்ல வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துடுறாங்க, மிச்சம் இருக்குறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், 100ல இருந்து 150 மில்லி பிடிக்கும், நம்ம டீக்கடை கிளாஸ் அளவுன்னு வச்சுக்கங்களேன். அந்த கிளாஸுக்குள்ள ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீனாவது போயாகணும்னு சொல்றாங்க, 80 வரைக்கும் போகலாம். இல்லைன்னா கொழுப்போட சேத்து சதையும் கரையும், கை கால் சோர்ந்து போகும், புண்ணு ஆற லேட் ஆகும். இருக்குற இடமே அவ்வளவுதான், அதைக் கஞ்சிக்குக் குடுத்துட்டா புரோட்டீன் எங்க போகும்? பருப்புத் தண்ணியும் அதே கதைதான், வடிகட்டுன தண்ணியில பேருக்குத்தான் பருப்பு. பால் 200 மில்லி குடிச்சா ஆறு ஏழு கிராம், முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், பன்னீர் 100 கிராமுக்கு 18 கிட்ட, வெந்த கோழி 100 கிராமுக்கு 25க்கு மேல. கொலுசுக்காரன் நான், கிராம் மில்லின்னு எடை போட்டே வளந்தவன், ஆனா வாய்க்குள்ள போறதை ஒரு நாள் கூட எடை போட்டதில்லை. இப்ப அடுப்படியில தனியா ஒரு சின்னத் தராசு இருக்கு (பட்டறைத் தராசுல பன்னீர் வச்சா பையன் சிரிக்குறான்).

கஞ்சியை விட்டப்புறம் எங்க வீட்டுல கடைசியா என்ன செட் ஆச்சுன்னா, ரெண்டாவது வாரம் முடியுற வரைக்கும் ஆடை எடுத்த பால்ல டாக்டர் எழுதிக் குடுத்த புரோட்டீன் பவுடர், மோர், கோழி எலும்பு சூப் வடிகட்டி. அடுத்த ரெண்டு வாரம் எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, வேகவச்ச பாசிப்பருப்பு கெட்டியா, முட்டை வெள்ளைக்கரு மசிச்சு தயிர்ல, மேட்டூர் மீனை ஆவியில வேகவச்சு முள்ளு எடுத்து குழைச்சு. அஞ்சாவது வாரத்துல இருந்து மெத்துன்னு இருக்குற சாப்பாடு, பன்னீரை உதிர்த்துப் போட்டது, ஆம்லெட் எண்ணெய் கம்மியா. ரெண்டு மாசத்துக்கு அப்புறம்தான் மத்தவங்க சாப்பிடுற மாதிரி. இந்த வாரக்கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு, என்னைப் பாத்து எதையும் முன்னாடியே ஆரம்பிச்சுடாதீங்க. நான் ஆரம்பிச்சேன். அஞ்சாவது வாரம் ஆரம்பிச்ச உடனே ஆசைக்கு ஒரு வாய் இட்லி, சரியா மெல்லாம முழுங்கிட்டேன், நெஞ்சுக்குழியில கல்லு மாதிரி நின்னுக்கிச்சு, வாயில நுரை நுரையா எச்சில் ஊறி ஊறி அரை மணி நேரம் வாஷ்பேசின்கிட்டயே நின்னேன். இட்லியே இப்படி பண்ணுதான்னு அழுகையே வந்துடுச்சு. புதுச் சோறு, ரொட்டி, சப்பாத்தி, நார் நாரா இருக்குற மட்டன் இதெல்லாம் அப்படித்தான் அடைக்கும், ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்னு கூழாக்கித்தான் உள்ள விடணும்.

தண்ணி விஷயம் அதைவிடக் கஷ்டம். சாப்பிடுறப்ப தண்ணி குடிக்கக்கூடாது, சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான். நமக்கு இலை போட்ட உடனே இடது பக்கம் தண்ணி டம்ளர் வந்து நிக்கும், கை தன்னால போகும். ஒரு மாசம் டம்ளரை எடுத்து வேற ரூம்ல வச்சாங்க. சோத்துல ரசத்தை ஊத்திக் குழைச்சு சாப்பிடுறதும் ஒரு விதத்துல அதுதாங்க, வழுக்கிட்டுப் போயிடும், வயிறு நிறைஞ்சதே தெரியாது, ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும். ஆனா மத்த நேரம் பூரா வாய் வாயா குடிச்சு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போயாகணும், சித்திரை வெயில்ல நம்ம ஊரு அனல்ல அதுக்கும் மேல. சோடா, கூல்டிரிங்ஸ் வேண்டாம், கேஸ் உள்ள போய் உப்பி வலிக்கும்.

முதல் வாரம் தோள்பட்டை வலிக்கும், பயந்துடாதீங்க, ஓட்டை போட்டு பண்றப்ப வயித்துக்குள்ள அடைச்ச கேஸ் அது, நடக்க நடக்க ரெண்டு மூணு நாள்ல போயிடும். நடக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் காலுல ரத்தம் கட்டாம இருக்க. ஆனா காய்ச்சல் அடிச்சு, நெஞ்சு படபடன்னு நிக்காம அடிச்சு, வயித்து வலி கூடிக்கிட்டே போனா அது கேஸ் இல்லை, தையல் போட்ட இடத்துல கசிவா இருக்கலாம். ஒரு காலு மட்டும் வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ அதுவும் அவசரம்தான். விடியட்டும்னு உக்காராம ராத்திரியே போயிடுங்க.

சர்க்கரைக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் முடிஞ்ச கையோட எனக்கு மாத்திரையைப் பாதியா குறைச்சு எழுதியிருந்தாங்க, நான் பழைய அட்டையில இருந்ததையே பழக்கத்துல போட்டுக்கிட்டு பட்டறைக்குப் போயிட்டேன். பதினொரு மணிக்கு கை நடுங்குது, சட்டை பூரா வேர்வை, செக் பண்ணா 58. தப்பு முழுக்க என்னோடது. பழைய மாத்திரையை அன்னிக்கே தூக்கிப் போட்டிருக்கணும். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கிப் போடுற ப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையும் நமக்கு ஆகாது, முக்கியமா பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, வயித்தைச் சின்னதாக்கி நேரா குடலோட இணைக்குற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்) பண்ணவங்களுக்கு, வயித்துல புண்ணு வந்துடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த ஆபரேஷன் ஆச்சுன்னு முதல்ல சொல்லிடுங்க.

மூணாவது வாரம் எடை அப்படியே நின்னுடும். எனக்கு பத்து நாள் ஒரு கிராம் அசையலை, ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சுன்னு நினைச்சு வீட்டுல யாருகிட்டயும் பேசலை. நிறைய பேருக்கு இப்படி நிக்குது, அப்புறம் தன்னால இறங்கும். அதே மாதிரி முடி. ஆத்தூர்ல இருந்து ஒரு அக்கா நாலாவது மாசம் போன் பண்ணி, "தம்பி, சீப்புல கொத்துக் கொத்தா வருது, இதுக்கு நான் குண்டாவே இருந்திருப்பேன்"னு அழுதாங்க. உடம்பு அதிர்ச்சியில மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள கொட்டுறது சகஜம், புரோட்டீனும் இரும்புச்சத்தும் சரியா போனா திரும்ப மொளைக்கும். மொளைச்சுச்சு, பொங்கலுக்குப் பாத்தேன், நல்லாவே இருக்கு.

மாத்திரை ஆயுசுக்கும். மல்டி விட்டமின், பி12, இரும்பு, கால்சியம், டி. ஆறு மாசம் போட்டுட்டு நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்துறவங்கதான் ஜாஸ்தி. நிறுத்துனா அன்னிக்கே ஒண்ணும் தெரியாது, மெதுவா ரத்தம் குறையும், எலும்பு தேயும், காலு மரத்துப் போகும். கால்சியத்தையும் இரும்பையும் ஒண்ணா போடாதீங்க, நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும், இரும்பு மாத்திரை மேல சூடா ஒரு டீயை ஊத்துனா அது உடம்புல சேராது. விடாம வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா அது அஜீரணம்னு ஓமத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, பி1 விட்டமின் இறங்கி கண்ணு, நடை, ஞாபகம் வரைக்கும் பாதிக்கும்.

இப்ப தட்டுவடை. ஐயா, நீங்க சேலத்துக்காரரா இல்லையான்னு தெரியலை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எங்க தெருவுல தட்டுவடை செட் வண்டி நிக்கும், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, காரச் சட்னி புதினாச் சட்னி தடவி, ஒரு வாயில போட்டா... சரி, எழுதுறப்பவே ஊறுது. முதல் வருஷம் பசியே தெரியலை, பசியைக் கிளப்புற ஹார்மோன் நிறைய சுரக்குற பாகத்தையே வெட்டி எடுத்துடுறாங்க இல்ல. ஒரு வருஷத்துல 88க்கு வந்துட்டேன். அப்புறம் மெதுவா பசி எட்டிப் பாத்துச்சு, நானும் ஒரு செட் ரெண்டு செட்டுன்னு ஆரம்பிச்சேன். கொடுமை என்னன்னா இட்லி அடைக்குது, கோழி அடைக்குது, இந்தத் தட்டுவடை மட்டும் அடைக்கவே மாட்டேங்குது! நொறுங்கி மாவா கரைஞ்சு வழுக்கிட்டு இறங்கிடும், முறுக்கு, சிப்ஸ், மிக்சர் எல்லாம் அதே ஜாதிதான். சின்ன வயிறு இதைத் தடுக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தேன், தடுக்கலை. எட்டு மாசத்துல 93. யாரும் என்னைக் கேக்கலை, பேன்ட் கேட்டுச்சு. இப்ப அஞ்சு மணிக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் சுண்டல் இல்லைன்னா ரெண்டு முட்டை உள்ள தள்ளிட்டுத்தான் அந்தத் தெருவுல இறங்குறேன். மாசம் ஒரு செட் உண்டு, மறைக்க மாட்டேன்.

மாம்பழ சீசன்ல ஓமலூர்க்காரர் ஒருத்தர், அவர் பைபாஸ் பண்ணவர், மல்கோவா ஜூஸ்ல சக்கரை போட்டு ஒரு பெரிய கிளாஸ் அடிச்சிருக்காரு, இருபது நிமிஷத்துல நெஞ்சு அடிச்சுக்குது, வேர்த்து ஊத்துது, வயித்தால போகுது, ஹார்ட் அட்டாக்குன்னு ஆட்டோ புடிச்சுட்டாங்க. இதுக்குப் பேரு டம்பிங். சக்கரை வயித்துல நிக்காம நேரா குடல்ல போய் விழுறதால வர்றது, பைபாஸ்ல ஜாஸ்தி, ஸ்லீவ்லயும் சில பேருக்கு வரும். நான் மாம்பழம் சாப்பிடுறேன், துண்டா, மென்னு, சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டே துண்டு. சரக்கு பத்தியும் கேக்குறாங்க, கூச்சப்படாம சொல்றேன், முன்ன மாதிரி இல்லை, சீக்கிரம் ஏறும், விட்டுடுறதுதான் நல்லது.

சொந்தக்காரங்களைச் சமாளிக்க எந்தச் சீட்டுலயும் போட மாட்டாங்க. கல்யாணப் பந்தியில உக்காந்தா பெரியப்பா, "என்னப்பா கோழி கொத்துற மாதிரி கொத்துற, இதுக்கா அவ்வளவு செலவு பண்ண"ங்குறாரு. ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு வீடா கூழ் ஊத்துவாங்க, வேண்டாம்னா சாமி குத்தம். நான் கண்டுபிடிச்ச வழி, சின்ன டம்ளர்ல கேட்டு வாங்கிக் கையிலயே வச்சுக்கிட்டு நடக்குறது, அரை மணி நேரம் நாலு வாய் குடிப்பேன், யாரும் திரும்ப ஊத்த மாட்டாங்க. பந்தியில பரிமாறுறவர்கிட்ட முதல்லயே, "வயித்துல ஆபரேஷன் ஆச்சுங்க"ன்னு சொல்லிட்டா போதும், என்ன ஆபரேஷன்னு கேக்குற அளவுக்கு அவருக்கு நேரம் இருக்காது.

போன வைகாசியில குடும்பத்தோட ஏற்காடு போனோம். சேர்வராயன் கோயில் குகை மாதிரி இருக்கும், குனிஞ்சுதான் உள்ள போகணும். கல்யாணம் ஆன புதுசுல போனப்ப என்னால குனிய முடியலை, வெளியவே செருப்புக்குக் காவல் இருந்தேன், அதுக்கப்புறம் ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை போயும் அந்தக் கோயில் பக்கம் மட்டும் போகலை. இந்தத் தடவை குனிஞ்சு உள்ள போயிட்டு வந்தேன். வெளிய வந்தா என் பையன் செருப்புக்குக் காவல் உக்காந்திருக்கான், வயசு 17, எடை 98. அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலை, கீழ இறங்கி ஏரிக்கரையில மிளகா பஜ்ஜிக் கடையைத் தாண்டுறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேற பக்கம் பாத்துக்கிட்டு நடந்தோம்.

ஆசிரியர் ஐயா, நான் கேக்குறது ஒண்ணுதான். அடுத்த தடவை இந்த ஆபரேஷன் பத்திப் போடுறப்ப ஒரு டயட்டீஷியனை உக்கார வச்சு, இட்லி, கூழ், சுண்டல், மேட்டூர் மீன், ஜவ்வரிசி, தட்டுவடைன்னு நம்ம சாப்பாட்டுப் பேரையே போட்டு, எந்த வாரம் எது, எத்தனை கிராம்னு தமிழ்ல ஒரு கால் பக்கம் போடுங்க. வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கிற மாதிரி இருக்கணும். எங்க வீட்டு பீரோவுல இருக்குற அந்த இங்கிலீஷ் சீட்டு வேணும்னா மாதிரிக்கு அனுப்பி வைக்கிறேன், ப்ரோக்கோலி வரைக்கும் எல்லாம் பத்திரமா இருக்கு.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்கார வாசகர்,
செவ்வாப்பேட்டை, சேலம்.