பர்க் குடும்பத்துக்கான இசை மாலை: மனமார்ந்த நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சிகாகோவின் பர்க் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடிய ஃபைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ் (ஐந்து படிகள்) என்ற சோல் இசைக் குழுவின் பாட்டுகளுக்காக நாம் நடத்திய இசை மாலை நல்லபடியாக முடிந்தது. கைகொடுத்தவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட அவர்களுடைய 45 ஆர்.பி.எம். இசைத்தட்டைக் கொண்டுவந்த நண்பருக்கு. 1970ல் புத்தா நிறுவனம் வெளியிட்டது. ஒரு பக்கம் பீட்டில்ஸின் ‘டியர் ப்ரூடென்ஸ்’ இவர்கள் குரலில், மறுபக்கம் ஸ்டான் வின்சென்ட் எழுதிய ‘ஊ சைல்ட்’. அமெரிக்கத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை ஏறியது அந்த மறுபக்கம்தான். ஓரத்தை மட்டும் பிடித்து, மெல்லிய துணியால் துடைத்து, ஊசியை அவர் பதமாக இறக்கினார். டிரம்ஸ் உருண்டு குரல்கள் மேலேறியதும் பின்வரிசையிலிருந்து ‘இன்னொரு தடவை!’ என்று சத்தம். போட்டோம்.

“ஒரே பாட்டோடு அவர்களை முடித்துவிடாதீர்கள்” என்று என்னிடம் மல்லுக்கு நின்ற தோழிக்குத் தனி நன்றி. அவரால்தான் 1966ன் பாட்டுகளைக் கேட்டோம். பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் தன் விண்டி சி லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த காலம் அது. அலோஹி மூத்தவர், அப்புறம் கிளாரன்ஸ், ஜேம்ஸ், டென்னிஸ், கெனி. வரிசையாக நின்றால் படிக்கட்டு மாதிரி இருக்கிறார்கள் என்று அம்மா பெட்டி சொன்னதே பெயராகிவிட்டது. அப்பா சிகாகோ போலீஸில் துப்பறிவாளர்; பிள்ளைகளுக்கு மேலாளர், மேடையில் பேஸ் கிட்டாரும் அவரே. பிறகு மழலை மாறாத தம்பி கியூபியும் சேர்ந்துகொண்டான். இந்தப் பெற்றோருக்கும் மேஃபீல்டுக்கும் என் வணக்கம்.

‘ஊ சைல்ட்’ வந்த அதே 1970ல் ஜாக்சன் 5 என்ற இன்னொரு குடும்பக் குழுவின் நான்கு பாட்டுகள் முதலிடம் பிடித்தன. சோல் இசையின் முதல் குடும்பம் என்று பெயரெடுத்த பர்க் பிள்ளைகளுக்கோ ‘ஊ சைல்ட்’டுக்குப்பின் அப்படியொரு வெற்றி அமையவில்லை. 1972ல் அலோஹி விலகினார். 1976ல் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய டார்க் ஹார்ஸ் லேபிளில் ஓர் ஆல்பம், அதோடு சரி. அந்த ஆல்பத்தின் இசைத்தட்டைத் தேடிப்பிடித்துத் தந்த தம்பிக்கும் நன்றி. இவர்கள் கதையைத் தோல்விக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1982ல் கெனி தனியாகப் பாடிய ‘ரைசின் டு த டாப்’பைக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நாற்காலி போட்டவர்களுக்கும், கடைசிவரை இருந்து கூடத்தைப் பெருக்கிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. பாட்டுப் பட்டியல் கேட்டவர்களுக்கு இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.